சில்லின் ஒத்திகை

நுழையும்முன்

நாடகம் அரங்கேறும் முன்னர் ஒத்திகை நடைபெறும். பிழை நேர்ந்தால் நடிகரை நிறுத்தித் திருத்தலாம். கணினிச் சில்லுக்கும் அப்படியோர் ஒத்திகை உண்டு. ஆனால், அந்த ஒத்திகை நடைபெறும் வேளையில் நடிகராகிய சில்லு இன்னும் பிறந்திருக்கவே இல்லை. பிறவாத சில்லை இயக்கிப் பார்ப்பதற்கென்றே மனிதர் சில பொறிகளைப் படைத்தனர். அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கூறுகிறது இக்கட்டுரை.

வாயில்களால் ஆன உலகம்

கணினிக்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள். அவற்றை 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். இந்நிலைகளை உள்ளீடாகப் பெற்று ஒரு விடையை வெளியீடாகத் தரும் மிகச்சிறிய மின்சுற்றே தருக்க வாயில் எனப்படும். உள்ளீடுகள் யாவும் 1 ஆக இருந்தால் மட்டும் 1 தருவது ‘உம்’ வாயில். அவற்றுள் ஏதேனும் ஒன்று 1 ஆக இருந்தாலும் 1 தருவது ‘அல்லது’ வாயில். வந்ததை மாற்றி, 0 எனில் 1 ஆகவும் 1 எனில் 0 ஆகவும் தருவது ‘இல்லை’ வாயில். இவற்றின் சேர்க்கையால் பிறக்கும் வேறு சில வாயில்களும் உண்டு.

இரண்டு இரும இலக்கங்களையும், முந்தைய இடத்திலிருந்து ஏறிவரும் எண்ணையும் கூட்டுவதற்கு ஐந்து வாயில்கள் போதும். 32 இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைக் கூட்ட, அவ்வமைப்பை 32 முறை அடுக்கினால் 160 வாயில்கள் ஆகும். பெருக்கலுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். முழுமையான ஒரு செயலிக்கோ இலட்சங்களும் கோடிகளும் வேண்டும்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். சில்லில் உள்ள வாயில்கள் முறைவைத்து வேலை செய்வதில்லை. மின்சாரம் பாய்ந்தவுடன் அனைத்தும் ஒரே வேளையில் இயங்குகின்றன. ஒன்றின் வெளியீடு மாறினால், அதனோடு இணைந்தவை உடனே மாறத் தொடங்கும். இக்கட்டுரை முழுவதும் இந்த ‘ஒரே வேளை’ என்னும் சொல்லைச் சுற்றியே அமைகிறது.

அழித்தெழுத முடியாத எழுத்து

தொடக்கக் காலக் கணினிகள் அறையளவு பெரியவை. அவற்றில் பிழை தென்பட்டால் பொறியாளர் ஒரு கம்பியை வெட்டி, வேறிடத்தில் பற்றவைத்துச் சரிசெய்தார். ஒருங்கிணைந்த சுற்றுகள் வந்தபின் அந்த வசதி மறைந்தது. சில்லின்மேல் பொறிக்கப்பட்ட சுற்று கல்வெட்டுப் போன்றது. அதில் ஓர் எழுத்துத் தவறினாலும் கல்லையே மாற்ற வேண்டியதுதான். வடிவமைப்பைத் திருத்தி, மறுபடியும் ஆலைக்கு அனுப்பி, புதிய சில்லு கைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும்.

தவறு தப்பிச்சென்று சந்தையை அடைந்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்கள் தொடர்பான கணக்குகளைக் கணினியில் செய்துகொண்டிருந்தார். விடைகள் ஒத்துவரவில்லை. தம் நிரலில் குறை உண்டோ எனப் பலவாறு ஆராய்ந்தபின், குறை இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லிலேயே இருப்பதைக் கண்டார். 41,95,835 என்னும் எண்ணை 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 எனத் தொடங்கும் விடை வரவேண்டும். அந்தச் சில்லு 1.33373 எனத் தொடங்கும் விடையைத் தந்தது. வகுத்தலுக்கெனச் சில்லினுள் பதித்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டதே காரணம். குறைபட்ட சில்லுகளை மாற்றித்தர நேர்ந்ததனால் அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்டியது.

ஆகவே, வடிவமைப்பு ஆலைக்குச் செல்லுமுன் அதனை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாததாயிற்று. சுற்றின் வரைபடத்தைக் கணினிக்குள் செலுத்தி, ஒவ்வொரு வாயிலும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டுக் காண்பதே அதற்கு வழி. இதனைப் போலச்செய்தல் என்கிறோம்.

ஒரு கூத்தரும் பல பாவைகளும்

தோற்பாவைக்கூத்தில் ஒளிரும் திரைக்குப் பின்னே ஒரே கலைஞர் அமர்ந்து, எல்லாப் பாவைகளையும் ஆட்டுவிப்பார். குரலை மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே பேசுவார். ஒரு பாவை பேசி ஆடும்போது மற்றவை அசையாமல் நிற்கும். பாவைகள் நான்கைந்தாக இருக்கும்வரை இது நமக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. பத்து இலட்சம் பாவைகள் திரையில் நின்றால் என்ன ஆகும்?

பொதுப்பயன் கணினியில் சுற்றைப் போலச்செய்வது இத்தகையதே. அதன் செயலி ஒரு வேளையில் ஒரு கட்டளையை நிறைவேற்றும் இயல்புடையது. ஒரு வாயிலைக் கணக்கிட, அதன் வகையைப் படிக்க வேண்டும். உள்ளீடுகள் எங்குள்ளன எனத் தேட வேண்டும். அவற்றை எடுத்துவந்து விடை கண்டு உரிய இடத்தில் எழுத வேண்டும். இதற்கு 20 கட்டளைகள் ஆகும் எனக் கொள்வோம். பத்து இலட்சம் வாயில்கள் உள்ள சுற்றில் ஒரே ஒரு கடிகாரத் துடிப்பைப் போலச்செய்ய 2 கோடிக் கட்டளைகள் தேவை. நொடிக்கு 50 இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் கணினிக்கு அது நான்கு நொடி வேலை. உண்மைச் சில்லு நொடிக்கு ஒரு கோடி முறை துடிக்குமாயின், அதன் ஒரு நொடி வாழ்வைக் காண்பதற்கு நாம் ஒன்றேகால் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது ஒருபுறம் இருக்க, இம்முறையில் வேறொரு நுட்பச் சிக்கலும் உண்டு. அ, ஆ என இரண்டு நினைவுச் சுற்றுகள் உள்ளன என்றும், ஒவ்வொரு துடிப்பிலும் அவை தம் மதிப்புகளைத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன என்றும் கொள்வோம். அ-வில் 1, ஆ-வில் 0 உள்ளது. உண்மைச் சுற்றில் இரண்டும் ஒரே வேளையில் மாறி, அ-வில் 0, ஆ-வில் 1 என்றாகும். ஒவ்வொன்றாகச் செய்யும் கணினியோ முதலில் ஆ-வின் மதிப்பை அ-வில் எழுதும். இப்போது இரண்டிலும் 0. பின்னர் அ-வின் மதிப்பை ஆ-வில் எழுதும். அப்போதும் இரண்டிலும் 0. முன்னிருந்த 1 மறைந்தே போயிற்று! ஒரு செம்பில் பாலும் மற்றொரு செம்பில் நீரும் இருக்க, அவற்றை இடம் மாற்ற மூன்றாவது செம்பு வேண்டும் அன்றோ? அதுபோலப் பழைய மதிப்புகளையும் புதிய மதிப்புகளையும் தனித்தனி இடங்களில் வைத்துக் காத்தல் வேண்டும். ஒரே வேளையில் நிகழ்வதை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்டுவதற்கு நாம் தரும் விலை இது.

யார்க்டவுனில் பிறந்த பொறி

சுற்றே இணையாக இயங்குமாயின், அதனைப் போலச்செய்யும் கருவியும் ஏன் இணையாக இயங்கலாகாது? இவ்வினாவை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுப்பினர். கணினி அறிவியலின் உயரிய பரிசாகிய டூரிங் விருதை 1987இல் பெற்ற ஜான் கோக்கும் அவருடன் பணியாற்றியோரும், தருக்கச் சுற்றுகளைப் போலச்செய்வதற்கென்றே தனிப்பொறி ஒன்றை முதலில் எண்ணிப் பார்த்தனர். அவ்வழியில் வளர்ந்து புகழ்பெற்றது யார்க்டவுன் போலச்செய்பொறி. நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் என்னும் ஊரில் உள்ள தாமஸ் வாட்சன் ஆய்வு மையத்தில் உருவானதால் அப்பெயர் பெற்றது. மாண்டி டென்னோ, கிரிகோரி ஃபிஸ்டர், எரிக் கிரான்ஸ்டாட் ஆகியோர் அதனைப் பற்றிய கட்டுரைகளை 1982ஆம் ஆண்டு வடிவமைப்புத் தானியக்க மாநாட்டில் வழங்கினர்.

அப்பொறியில் 256 தருக்கச் செயலிகள் வரை பொருத்தலாம். அச்செயலிகள் நாம் அறிந்த கணினிச் செயலிகளைப் போன்றவை அல்ல. அவற்றுக்குக் கூட்டத் தெரியாது; பெருக்கத் தெரியாது; எழுத்துகளைக் கையாளத் தெரியாது. நான்கு உள்ளீடுகள் வரை பெற்று ஒரு வெளியீடு தரும் வாயிலைக் கணிப்பது ஒன்றே அவை கற்ற கலை. அதனையும் கணக்கிட்டுச் செய்வதில்லை. வாயிலின் மெய் அட்டவணை நினைவகத்தில் ஆயத்தமாக இருக்கும். உள்ளீடுகளைக் கொண்டு அட்டவணையில் உரிய இடத்தைப் பார்த்து விடையை எடுத்துக்கொள்ளும். பல கலைகளைத் துறந்ததனால் ஒரு கலையில் பெற்ற விரைவு அது.

குறிப்புகளின் மதிப்பு 0, 1 என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. ‘இன்னதென அறியப்படாதது’, ‘எதனோடும் இணையாது விடப்பட்டது’ என்னும் இரண்டு நிலைகளையும் சேர்த்து நான்கு நிலைகளை அப்பொறி கையாண்டது. மின்சாரம் பாய்ந்த முதற்கணத்தில் நினைவுச் சுற்றில் 0 உள்ளதா 1 உள்ளதா என்பது எவருக்கும் தெரியாது. அந்த அறியாமையையும் ஒரு மதிப்பாக ஏற்று, அது சுற்றில் எதுவரை பரவுகிறது எனக் காண்பது பொறியாளருக்கு மிகுந்த பயன் தருவது. ‘தெரியாது’ என்பதைத் தெளிவாகக் குறித்துவைக்கும் இந்த ஏற்பாட்டை, அப்பொறியின் அழகிய கூறுகளுள் ஒன்றாகவே கருதலாம்.

தெரிந்து தெளிவோம்

யார்க்டவுன் பொறி பத்து இலட்சம் வாயில்கள் வரை கொள்ளும். நொடிக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட வாயில் கணிப்புகளைச் செய்யும். அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினியாகிய 3081இன் செயலியை அதில் போலச்செய்தால், நொடிக்கு ஏறத்தாழ 1000 கட்டளைகள் என்னும் வேகத்தில் இயக்கலாம் என அதனை உருவாக்கியோர் மதிப்பிட்டனர்.

மேலே கண்ட கணக்கை இப்பொறியில் வைத்துப் பார்ப்போம். நொடிக்கு 200 கோடிக் கணிப்புகள் எனில், பத்து இலட்சம் வாயில்களையும் நொடிக்கு 2000 முறை கணித்துவிடலாம். துடிப்புக்கு ஒருமுறை கணித்தால் போதும் என அமைத்துக்கொண்டால், ஒரு கோடித் துடிப்புகளுக்கு 5000 நொடிகள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒன்றேகால் ஆண்டு ஒரு முற்பகலாகச் சுருங்கிவிட்டது.

தாளம் தவறாத அவை

256 கலைஞர்களை அமர்த்துவது எளிது. அவர்களை ஒத்திசையச் செய்வதே கடினம். ஒரு செயலியில் உள்ள வாயிலின் வெளியீடு மற்றொரு செயலியில் உள்ள வாயிலுக்கு உள்ளீடாக வேண்டும். செய்திகள் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும். ஒருவர் அனுப்பும் வேளையில் பெறுபவர் ஆயத்தமாக இல்லாவிடில் காத்திருப்பு நேரும். இருவர் ஒரே வேளையில் ஒருவருக்கே அனுப்பினால் மோதல் நேரும். பல கணினிகளை இணைத்து வேலை வாங்க முயன்றோர் பலரும் இடறிய இடம் இதுதான்.

யார்க்டவுன் பொறியை அமைத்தோர் இச்சிக்கலை வியக்கத்தக்க எளிமையோடு கடந்தனர். செயலிகள் அனைத்தும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவை. முதல் தட்டில் எல்லாச் செயலிகளும் தம்தம் முதற்கட்டளையையும், இரண்டாம் தட்டில் இரண்டாம் கட்டளையையும் நிறைவேற்றும். ‘இப்படியானால் அங்கே செல்க’ என்னும் கிளைக்கட்டளை ஒன்றேனும் கிடையாது. எனவே, எந்தத் தட்டில் எந்தச் செயலி எந்த வாயிலைக் கணிக்கும் என்பது முன்னரே முழுமையாகத் தெரியும். செயலிகளை ஒன்றோடொன்று இணைக்க நடுவே ஓர் இணைப்பகம் இருந்தது. எந்தத் தட்டில் யாரிடமிருந்து யாருக்கு வழிவிட வேண்டும் என்னும் பட்டியல் அதனிடமும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது.

தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்பு எப்போது வரும் என யாரும் அறியார்; ஆதலால் எண்ணைச் சுழற்றிக் காத்திருக்கிறோம். இங்கோ செய்திக்கு முகவரி தேவையில்லை, ஒப்புதல் தேவையில்லை, காத்திருத்தலும் இல்லை. செய்தி வந்த தட்டே அது யாருக்குரியது என்பதைச் சொல்லிவிடும். பிழையற்ற கால அட்டவணையின்படி ஓடும் தொடர்வண்டிகளுக்குக் கைகாட்டி மரம் எதற்கு?

இந்த எளிமைக்குப் பின்னே மறைந்திருக்கும் உழைப்பு மென்பொருளினுடையது. சுற்றின் வரைபடத்தைப் படித்து, எந்த வாயிலை எந்தச் செயலியில் வைப்பது, எந்தத் தட்டில் கணிப்பது என நிரல்பெயர்ப்பி முதலிலேயே பங்கிட்டுவிடும். உள்ளீடுகள் அனைத்தும் ஆயத்தமான பின்னரே ஒரு வாயிலின் முறை வருமாறு படிநிலைகளாக அடுக்கும். நெருங்கிய தொடர்புடைய வாயில்களை ஒரே செயலியில் வைத்தால் செய்திப் போக்குவரத்துக் குறையும். ஆனால் ஒரு செயலிக்கே வேலை மிகுந்து மற்றவை வெறுமனே இருக்கக்கூடாது. இவ்விரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள். பந்தி பரிமாறும் வீட்டுக்காரர் உறவினரைச் சேர்த்து அமர்த்தவும் வேண்டும், வரிசைகள் சமமாக நிரம்பவும் வேண்டும் என்று படும் பாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

மாறியதை மட்டும் பார்ப்போர்

யார்க்டவுன் பொறியின் வழிமீது ஒரு மறுப்பும் உண்டு. ஒரு துடிப்பில் சுற்றின் எல்லா வாயில்களும் நிலை மாறுவதில்லை. பெரும்பாலானவை முன்பிருந்தபடியே இருக்கும். மாறாத வாயிலையும் ஒவ்வொரு முறையும் கணிப்பது வீண் உழைப்பு அல்லவா? கடிதம் வந்த வீட்டுக்கு மட்டும் செல்லும் அஞ்சற்காரரைப் போல, உள்ளீடு மாறிய வாயிலை மட்டும் கணித்தால் போதாதா? நிகழ்வுவழி முறை எனப்படும் இதனைப் பொதுக்கணினி மென்பொருள்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்தன. 1980களில் ஸைகேட் என்னும் அமெரிக்க நிறுவனம் இம்முறையையே வன்பொருளாக்கி விற்றது.

இரண்டில் எது சிறந்தது? எவையெவை மாறின என்னும் பட்டியலை வைத்துக் காப்பதற்கும் நேரம் செலவாகும். அடுத்து யாருக்கு வேலை வரும் என முன்னரே அறியவும் இயலாது. தாளமும் கால அட்டவணையும் அங்கே செல்லுபடியாகா. நுணுக்கமான நேர வேறுபாடுகளை ஆராய நிகழ்வுவழி முறை ஏற்றது. பெருஞ்சுற்றை நெடுநேரம் ஓட்டிப் பார்க்க, சலிப்பின்றி எல்லாவற்றையும் கணிக்கும் முரட்டு வழியே வென்றது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

உருமாறும் சில்லுகள்

1980களின் நடுவில், ஆலையிலிருந்து வந்தபின்னும் இணைப்புகளை மாற்றியமைக்கத்தக்க சில்லுகள் தோன்றின. களத்திலேயே நிரலாக்கத்தக்க வாயில் அணி என்பது அவற்றின் பெயர். 1987இல் தொடங்கப்பட்ட குயிக்டர்ன் என்னும் நிறுவனம், இத்தகைய சில்லுகளை நூற்றுக்கணக்கில் பலகைகளில் பொருத்தி, அவற்றையே புதிய சுற்றாக உருமாறச் செய்தது. இங்கே கணிப்பு என்பதே இல்லை. வாயிலின் வேடத்தை மற்றொரு வாயில் புனைந்து உண்மையாகவே இயங்குகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ செயலி வரிசையும் இவ்வகைச் சில்லுப் பலகைகளில் இயக்கிப் பார்க்கப்பட்டதே.

ஆயினும் யார்க்டவுன் வழி அழிந்துவிடவில்லை. பல்லாயிரம் சிறு செயலிகளை ஒரே தாளத்தில் இயக்கும் ஐ.பி.எம். நுட்பம் குயிக்டர்ன் நிறுவனத்தை அடைந்தது. அந்நிறுவனம் கேடன்ஸ் நிறுவனத்தோடு இணைந்தபின் பல்லேடியம் என்னும் பொறி வரிசையாக வளர்ந்தது. 2015இல் வெளிவந்த அவ்வரிசைப் பொறி ஒன்று 920 கோடி வாயில்கள் வரை ஏற்கும். நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகள் என்னும் அளவை இத்தகைய பொறிகள் எட்டியதால், சில்லு பிறக்குமுன்பே அதில் ஓடவேண்டிய இயக்க முறைமையையும் ஓட்டிப் பார்க்க முடிகிறது. ஒருகாலத்தில் சில்லு வந்தபின் வேலையைத் தொடங்கிய மென்பொருளாளர், இன்று சில்லுக்கு முன்பே தம் பணியைத் தொடங்கிவிடுகின்றனர்.

எதைச் சோதிப்பது?

விரைவு மட்டும் பிழையைப் பிடித்துத் தராது. முன்னர்க் கண்ட 160 வாயில் கூட்டல் சுற்றையே எடுத்துக்கொள்வோம். இரண்டு 32 இலக்க இரும எண்களால் அமையும் இணைகளின் எண்ணிக்கை இரண்டின் 64ஆம் அடுக்கு. நொடிக்குப் பத்து இலட்சம் இணைகளைச் சோதித்தாலும், அனைத்தையும் முடிக்க 5,80,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தனைக்கும் அது பள்ளி மாணவரும் வரையத்தக்க எளிய சுற்று!

எனவே, பல கோடி வாய்ப்புகளுள் எந்தச் சிலவற்றை இயக்கிப் பார்ப்பது என்பதைப் பொறியாளரே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. பென்டியம் சில்லும் ஆலைக்குச் செல்லுமுன் குயிக்டர்ன் பொறிகளில் இயக்கிப் பார்க்கப்பட்டதுதான். ஆனால், அட்டவணையில் விடுபட்ட ஐந்து இடங்களைத் தொடும் எண்கள் மிக அரியவை; அவை அந்தச் சோதனைகளில் வந்து அமையவில்லை. அந்நிகழ்வுக்குப் பின்னர் வகுத்தல் போன்ற கணிதச் சுற்றுகளை எண்களால் சோதிப்பதோடு நில்லாமல், வடிவியல் தேற்றத்தை நிறுவுவதுபோல் அவற்றின் சரிமையைத் தருக்க முறையில் நிறுவும் வழக்கமும் சில்லு நிறுவனங்களில் வேரூன்றியது. நிறுவல் முறை ஒரு பகுதியின் எல்லா வாய்ப்புகளையும் ஒருங்கே அளக்கும். ஆனால் முழுச் சில்லின் அளவுக்கு அது விரிய மறுக்கும். அந்த இடத்தில் பல்லாயிரம் செயலிகள் ஒரே தாளத்தில் இயங்கும் ஒத்திகைப் பொறி, இரவும் பகலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.